நகப்பூச்சு வைத்த திருகாணிகள்

காலையில் வந்ததும் அவர் லேப்டாப்பைத் திறப்பதில்லை, கவிழ்ப்பார். பையின் ஜிப் நேற்று விட்ட இடத்தில்தான் நிற்கிறதா என்று முதலில் பார்ப்பார். பிறகு ரெக்சின் உறையின் பொத்தான்களைக் கழற்றி, லேப்டாப்பை வெளியே எடுத்து, குழந்தையைக் குப்புறப் போடுவதுபோல இடது கையில் தாங்கிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குத் திரும்புவார். அடிப்பாகத்தின் ஓரம் முழுக்கச் சின்னச் சின்னத் திருகாணிகள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சொட்டு நகப்பூச்சு, நல்ல கருஞ்சிவப்பு. ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு சொட்டையும் தொட்டும் தொடாமலும் தடவிப் பார்ப்பார். வெடிப்பு விட்டிருக்கிறதா, ஓரம் பெயர்ந்திருக்கிறதா, நேற்றைய பளபளப்பு குறைந்திருக்கிறதா. உதடு அசையும். எண்ணுகிறாரா, யாரையாவது திட்டுகிறாரா என்று தெரியாது. கடைசிச் சொட்டு முடிந்ததும் மூக்கால் ஒரு மூச்சு விடுவார். "ம்." நேற்று யாரும் திறக்கவில்லை என்று பொருள். இன்றைக்குத் திறக்க மாட்டார்கள் என்று பொருள் இல்லை.

அலுவலகத்தில் அவருக்குச் சீல் அண்ணன் என்று பெயர். முகத்துக்கு நேராக அண்ணே; முதுகுக்குப் பின்னால் சீல். அவருக்கும் அது தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும்? முதுகுக்குப் பின்னால் நடப்பதைக் கவனிப்பதுதானே அவருக்கு முழுநேர வேலை. சாப்பாட்டு டப்பாவின் மூடிக்கும் உடம்புக்கும் சேர்த்துப் பேனாவால் ஒரு கோடு இழுத்திருப்பார். மூடி திரும்பினால் கோடு உடைந்துவிடும். நாற்காலியில் உட்காருமுன் புறங்கையை வைத்துப் பார்ப்பார். சூடு இருந்தால், "யாரு உட்கார்ந்தது?" என்பார். யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். வெயில் உட்கார்ந்திருக்கும்.

டயர் கடைக்கு மேல் மாடியில் எங்கள் அலுவலகம். படியேறி வரும்போதே ரப்பர் வாசனையும் கூட வந்துவிடும். வீடுகளுக்குச் சமையலறையும் அலமாரியும் அமைத்துத் தருவது தொழில். அளவெடுத்து வந்து, கணினியில் வரைந்து, வரைந்ததை நிஜப் புகைப்படம்போல ஆக்கிக் காட்ட வேண்டும். இதற்கு ரெண்டர் போடுவது என்று பெயர். இல்லாத சமையலறையில் இல்லாத ஜன்னல் வழியாக இல்லாத வெயில் விழும். வாடிக்கையாளர் அதைப் பார்த்துத் தலையாட்டினால்தான் தச்சர்கள் பலகையில் ரம்பம் வைப்பார்கள். வரைகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் சீல் அண்ணன். பல வருஷத்துக் கை. இன்னொருவர் டீச்சர். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, குரல் போய்விடும் என்று மருத்துவர் பயமுறுத்தியதால் இந்த வேலைக்கு வந்தவர். மூன்றாவது மேசையில் நான். கதவுக்கு எந்த நிறம், கைப்பிடிக்கு எந்த உலோகம் என்று தேர்ந்து படத்தில் சேர்ப்பது என் வேலை.

என்னையும் அவர் நம்பியதில்லை. நான் மேசையில் வைத்திருந்த கவிதைப் புத்தகத்தை ஒருமுறை விரித்துப் பார்த்தார். பக்கத்தைப் புரட்டினார், மறுபடி புரட்டினார்.

"என்ன தம்பி, பாதிப் பக்கம் காலியா இருக்கு?"

"அது அப்படித்தான் இருக்கும்ணே."

"அப்ப மீதியை எங்க வச்சிருக்கான்?"

புத்தகத்தை வாங்கிப் பைக்குள் போட்டேன்.

ஆனால் அவருடைய சந்தேகத்துக்கு அடியில் ஒரு நிஜமான கஷ்டம் இருந்தது. அவருடைய அப்பாவுக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. மதியம் அவரைத் தூக்கித் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகு புண்ணாகும். அதை அவர் மனைவி, எங்களுக்கு அண்ணி, தனியாகச் செய்துகொண்டிருந்தார். அண்ணியின் இடுப்பு அதற்குள் பாதி போயிருந்தது. மதியம் கோப்பு அலமாரிக்குப் பின்னால் நின்று சீல் அண்ணன் பேசும் போன் என் மேசைக்குக் கேட்கும். "திருப்பிட்டியா? தலைகாணியை முட்டிக்கு நடுவுல குடுத்தியா? நீ முதல்ல உக்காரு. உக்காருன்னு சொல்றேன்ல." அந்தக் குரலில் மட்டும் சந்தேகம் இருக்காது.

ஒரு திங்கட்கிழமை முதலாளியம்மா எங்கள் மூவரையும் கூப்பிட்டுச் சொன்னார்: "நகரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிளை போடப் போறேன். சின்ன ஷோரூம். உங்கள்ல ஒருத்தர் போய் அதைப் பார்த்துக்கணும். இன்னும் முடிவு பண்ணல. வேலை எப்படிப் போகுதுன்னு பார்த்துட்டுச் சொல்றேன்." இடத்தையும் சொன்னார். சீல் அண்ணனின் வீட்டிலிருந்து இரண்டு தெரு. மதியம் நடந்து போய் அப்பாவைத் திருப்பிப் படுக்கவைத்துவிட்டு, தேநீர் ஆறுவதற்குள் திரும்பிவிடலாம்.

அவர் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. மேசைக்கு வந்து பென்சிலைச் சீவினார். ஏற்கனவே சீவியிருந்த பென்சில்.

"அண்ணே, நீங்க கேளுங்கண்ணே. உங்க வீட்டுப் பக்கம்தானே," என்றேன். நானாக அவரிடம் பேசிய சில வாக்கியங்களில் அது ஒன்று.

"கேட்டா நமக்கு அவசியம்னு தெரிஞ்சிடும். அவசியம்னு தெரிஞ்சா ஆட்டிவைப்பாங்க. மடியில கனம் இருக்கிறதை வெளிய காட்டவே கூடாது தம்பி." குரலைத் தாழ்த்தினார். "அதோட, முடிவு பண்ணலைன்னு சொல்றாங்க பார், அது பொய். பந்தயம் விடுறாங்க. பந்தயம்னு வாயால சொல்லல, அவ்வளவுதான்."

அந்த வாரமே இரண்டு புது லேப்டாப்கள் வந்தன. முதலாளியம்மா இரண்டு பெட்டிகளையும் நடு மேசையில் வைத்தார். பெரிய பெட்டியைச் சீல் அண்ணன் பக்கமாகத் தள்ளினார்.

"நீங்க இதை எடுத்துக்கோங்க. ஸ்க்ரீன் பெரிசு."

சீல் அண்ணன் பெட்டியைப் பார்த்தார். அதன்மேல் ஒட்டியிருந்த டேப்பைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். டீச்சர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார், அது போதாதா?

"ரெண்டும் ஒண்ணுதானா மேடம்?"

"உள்ள எல்லாம் ஒண்ணுதான். ஒரே சிப்பு, ஒரே மெமரி. ஸ்க்ரீன்தான் வேற. அது பதினாலு இஞ்ச், இது பதினாறு."

"ஒண்ணுதான்னா எனக்கு எதுக்குப் பெரிசு?"

"ஒரு இதுக்குத்தான். எடுத்துக்கோங்களேன்."

அந்த 'ஒரு இதுக்குத்தான்' அவரிடம் போய் முள்ளாகத் தைத்ததை நான் பார்த்தேன். உடனே அவர் முகத்தில் ஒரு பணிவு வந்து உட்கார்ந்தது. அவர் ரொம்ப உஷாராக இருக்கும்போது வருகிற பணிவு.

"வேணாம் மேடம். எனக்கு எதுக்குப் பெரிசெல்லாம்? நான் ஒரு மூலையில உக்கார்ந்து வேலை பார்க்கிறவன். இங்க இப்படியே இருந்துட்டுப் போறேன். எனக்குச் சின்னதே போதும்."

முதலாளியம்மா பெட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை. "நிஜமாத்தான் சொல்றீங்களா?"

"நிஜமாத்தான்."

"சரி. உங்க இஷ்டம்."

பெரியது டீச்சர் மேசைக்குப் போயிற்று. தேநீர் வேளையில் சீல் அண்ணன் என்னை மாடிப்படிக்கு இழுத்துப்போனார். வெற்றி பெற்றவர்போல இருந்தார். "தள்ளிவிட்டாங்க பாத்தியா? நல்லதை யாராவது தள்ளிவிடுவாங்களா? நல்லதை இழுத்துத்தான் வச்சுக்குவாங்க. பெரிசுல என்னமோ இருக்கு. நான் பண்றதையெல்லாம் பார்க்கிற மாதிரி ஏதாவது போட்டுக் குடுத்திருப்பாங்க."

அன்று மாலையே நகப்பூச்சு வந்தது. கூடவே, பை தைக்கிற கடையில் அளவு கொடுத்து ஒரு ரெக்சின் உறை தைத்துக்கொண்டார். வேலை செய்யும்போதும் லேப்டாப் அந்தச் சட்டைக்குள்ளேயே இருக்கும். பொத்தான்களைக் கழற்றாமல் யாரும் திருகாணிப் பக்கம் போக முடியாது. தைத்தவர் கேட்டாராம்: "அடியில சல்லடை மாதிரி இருக்கே, அங்க ஓட்டை விடட்டுமா?" இவர் சொன்னாராம்: "எதுக்கு, அது வழியா கையை விடவா?" இதை அவரே பெருமையாகச் சொன்னதால்தான் எனக்குத் தெரியும்.

நகப்பூச்சு ஒரு வீட்டுக் கலவரத்தை அலுவலகத்துக்கே கொண்டுவந்தது. சில நாள் கழித்து அண்ணி அலுவலகத்துக்கு வந்தார். வீட்டுச் சாவியை அண்ணன் மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டாராம். பக்கத்து வீட்டு அக்காவை மாமனாருக்குத் துணையாக உட்காரவைத்துவிட்டு வந்தாராம். சாவியைக் கொடுத்துவிட்டு உடனே கிளம்பவில்லை. டீச்சர் மேசைக்குப் போய், "நீங்கதான் டீச்சரா?" என்று கேட்டு, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நலம் விசாரித்தார். அவர் கண் டீச்சரின் முகத்தில் இல்லை, விரல்களில் இருந்தது. டீச்சரின் நகங்கள் வெறுமையாக இருந்தன, ஓரத்தில் கொஞ்சம் பென்சில் கரி. அடுத்து முதலாளியம்மாவின் விரல்கள். அங்கே வெளிர் நீலம். கடைசியில் என் விரல்களையும் ஒரு பார்வை பார்த்தார்.

"யாரைத் தேடுற?" என்றார் சீல் அண்ணன்.

"யாரையும் தேடல. என் அலமாரியில இருந்த சிவப்பு நெயில் பாலிஷ் உங்க பையில இருந்துச்சு. நேத்து பார்த்தேன். பாதி காலி. உங்க கையில பூசிக்கலைன்னு எனக்குத் தெரியும். அப்ப யார் கையில பூசினீங்க?"

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். சீல் அண்ணன் உறையைக் கழற்றி லேப்டாப்பைக் கவிழ்த்துக் காட்டினார். அண்ணி ஒவ்வொரு சொட்டாகப் பார்த்தார்.

"கட்டினவளுக்கு ஒருநாள் பூசிவிட்டதில்ல. இதுக்குப் பூசியிருக்கீங்க."

"சந்தேகப்படாதன்னு எத்தனை தடவை சொல்றது உனக்கு?" என்றார் சீல் அண்ணன். அதைச் சொன்னவர் அவர்தான் என்பதை நாங்கள் புரிந்துகொள்ளச் சற்று நேரம் பிடித்தது.

இதற்கிடையில் வேலையில் ஒன்று தெரிய ஆரம்பித்தது. ஒற்றைச் சமையலறைக்கு ரெண்டர் போட்டால் இரண்டு லேப்டாப்பும் ஒன்றாக முடிக்கும். முழு வீட்டுக்கும் போட்டால் டீச்சருடையது முடித்துவிட்டு அமைதியாக இருக்கும். சீல் அண்ணனுடையது இன்னும் விசிறி அலற ஓடிக்கொண்டிருக்கும். டீச்சர் ஒருமுறை சிரித்துக்கொண்டே, "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்ணே, லேப்டாப்பைத் திட்டாதீங்க," என்று சொல்லிவிட்டார். விளையாட்டுக்குத்தான். அது அவருக்கு விளையாட்டாகப் படவில்லை. கிளையை யாருக்குக் கொடுப்பது என்று முதலாளியம்மா வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இவருடைய வேலை மட்டும் தினமும் பின்னால் நிற்கிறது.

"ஒரே சிப்புன்னாங்க, ஒரே மெமரின்னாங்க. அப்புறம் எப்படி இது மட்டும் இழுக்குது?"

"செட்டிங்ஸ்ல பாருங்கண்ணே, ரெண்டுலயும் ஒண்ணுதான் போட்டிருக்கு," என்றார் டீச்சர்.

"எழுதிப்போட்டா ஆச்சா? குப்பியில பால்னு எழுதியிருந்தா உள்ள பால்தானா?"

ஒப்பிட்டுப் பார்த்துவிடுவது என்று முடிவாயிற்று. அவர் வைத்த நிபந்தனைகளைக் கேட்டால் இரண்டு நாடுகளின் எல்லைப் பேச்சுவார்த்தை தோற்றுப்போகும். ஒரே வீட்டின் வரைபடம். அதை அவர் பென் டிரைவிலிருந்துதான் இரண்டிலும் ஏற்ற வேண்டும். ஒரே மேசை, பக்கத்துப் பக்கத்தில். சார்ஜர்களை மாற்றிப் போட வேண்டும். சார்ஜரிலும் சூது இருக்கலாம். பொத்தானை நான் அழுத்த வேண்டும், இரண்டு கையாலும் ஒரே நேரத்தில்.

"தம்பி யார் பக்கமும் இல்ல," என்றார் டீச்சர்.

"அதான் பயமா இருக்கு," என்றார் அவர்.

அழுத்தினேன். சிறிது நேரம் இரண்டும் ஒரே சீராக ஓடின. எவ்வளவு முடிந்தது என்பதில் படியேறும் இரட்டையர்போல ஒரே எண்ணைக் காட்டின. சீல் அண்ணன் கண் இமைக்கவில்லை. பிறகு சின்னதின் விசிறி குரலை உயர்த்தியது. அதற்குப் பிறகு அது மெதுவாக, வெட்கப்பட்டதுபோல, பின்வாங்கத் தொடங்கியது. பெரியது போய்க்கொண்டே இருந்தது. ஒரு முழு வீட்டை இரண்டும் கட்டி முடிக்க அன்றைய பகல் தீர்ந்துபோயிற்று. பெரியதில் மொட்டை மாடியில் வெயில் விழுந்தபோது சின்னதில் இன்னும் மாடிப்படியே வரவில்லை. விசிறி மட்டும் கத்திக்கொண்டிருந்தது. முதலாளியம்மா நடுவில் ஒருமுறை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். சீல் அண்ணன் அந்த ஒன்றும் சொல்லாமையை மாலை வரை மென்றுகொண்டிருந்தார்.

மறுநாள் காலை அவர் லேப்டாப்பைக் கவிழ்த்தபோது, "ம்" வரவில்லை.

"மேடம்!"

அந்தச் சத்தத்தில் கீழே டயர் கடையில் உருட்டிக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டார் என்று நினைக்கிறேன். முதலாளியம்மா வந்தார். டீச்சர் எழுந்து நின்றார்.

"யாரோ திறந்திருக்காங்க. பாருங்க. இந்த மூலையில நாலு பூச்சு பேர்ந்து கிடக்கு. இந்தப் பக்கம் இழுவியிருக்கு. நேத்துப் போட்டியில தோக்கணும்னு உள்ள என்னமோ பண்ணியிருக்காங்க. பண்ணிட்டு மூடியிருக்காங்க. நான் யாரையும் சொல்லல." டீச்சரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

டீச்சர் முகம் கறுத்துவிட்டது. "என்னையா சொல்றீங்க?"

"நான் யாரையும் சொல்லல."

"சொல்லாம சொல்றீங்க. நேத்துப் பகல் முழுக்க இது உங்க கண்ணு முன்னாலதான் ஓடுச்சு, ராத்திரி உங்க வீட்டுல இருந்துச்சுண்ணே. உங்க பையில. நான் சுவர் ஏறிக் குதிச்சு வந்தேனா?"

அவர் தயங்கினார். அந்த வழியை அவர் யோசித்திருக்கவில்லை. டீச்சர் பேசிக்கொண்டே மேசைமேல் கிடந்த காலி உறையை எடுத்தார். உட்புறத்தை வெளியே தெரியும்படி மடித்தார். போன் விளக்கைப் போட்டு உள்ளே அடித்தார். கறுப்பு ரெக்சினில் வரிசையாகச் சிவப்புப் பொட்டுகள். சில முழுப் பொட்டு, சில இழுவிய வால் நட்சத்திரம். பெயர்ந்த சீல்கள் எல்லாம் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருந்தன.

"இந்தாங்க உங்க திருடன்," என்றார். "சூட்டுல நெயில் பாலிஷ் இளகி உறையில ஒட்டியிருக்கு. காத்து போற வழியெல்லாம் அடைச்சு ரெக்சின் போர்த்தி, நாள் முழுக்க ஓட்டினா வேற என்ன ஆகும்? சூடானா அதுவே வேகத்தைக் குறைச்சுக்கும். கருகிப்போயிடக் கூடாதுல்ல."

சீல் அண்ணன் உறையை வாங்கிப் பார்த்தார். பொட்டையும் திருகாணியையும் இடம் பொருத்திப் பார்த்தார். பொருந்தின. அவர் காது மடல் சிவந்ததை அன்றுதான் பார்த்தேன். மன்னிப்பு என்று எதுவும் அவர் வாயிலிருந்து வரவில்லை. ஆனால் புறங்கையை லேப்டாப்பின் அடியில், நாற்காலியைத் தொடுவதுபோல, கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

உறையில்லாமல் மறுபடி ஓட்டினோம். பின்பக்கம் இரண்டு பாட்டில் மூடிகளை முட்டுக் கொடுத்து, காற்றோட்டம் விட்டு. இந்த முறை சின்னது நன்றாக ஓடியது. இரண்டும் மாடிப்படி வரை ஒன்றாக ஏறின. ஆனால் கடைசியில் மொட்டை மாடிக்குப் பெரியதே சற்று முன்னால் போய் நின்றது.

சீல் அண்ணனுக்கு உயிர் திரும்ப வந்தது. "பாத்தீங்களா? இப்பவும் பின்னாலதான் நிக்குது."

"அது உடம்பு சின்னதுண்ணே," என்றார் டீச்சர். கோபம் இன்னும் குரலில் இருந்தது; ஆனாலும் பழைய வகுப்பறையும் இருந்தது. "உள்ள ஒரே சிப்புதான். ஆனா பெரிசுல விசிறிக்கு இடம் அதிகம், சூடு வெளிய போக வழி அதிகம். சின்ன வேலைன்னா வித்தியாசமே தெரியாது. நாள் முழுக்க ஓடுற வேலைன்னா, மூச்சு விட இடம் இருக்கிறது கொஞ்சம் முன்னாடி போகும். சின்னதுக்குக் கனம் கம்மி, தூக்கிட்டுப் போகலாம். ஒண்ணுல ஒண்ணு குறை. இதுல சதி ஒண்ணும் இல்ல."

"இவ்வளவு தெரிஞ்சும் எனக்குக் குறைஞ்சதைத் தந்திருக்காங்க," என்றார் சீல் அண்ணன்.

"நீங்கதானே எடுத்தீங்க?" என்றார் முதலாளியம்மா. கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

டீச்சர் பெரிய லேப்டாப்பை மூடி அவர் பக்கம் தள்ளினார். "மாத்திக்கலாம்ணே. இதைத் தினம் பஸ்ல தூக்கிட்டு வந்து எனக்குத் தோள் விட்டுப்போச்சு. நெஜமா சொல்றேன். எடுத்துக்கோங்க."

மறுபடி அந்தப் பெரியது அவர் பக்கம் வந்துகொண்டிருந்தது. மறுபடி யாரோ தள்ளினார்கள். முதலாளியம்மா கதவில் சாய்ந்து, அவர் என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்துக்கொண்டு நின்றார். இன்று யோசித்தால், பதிலை வாயிலிருந்து பிடுங்கிவிடலாமா என்பதுபோல நின்றார். நான் மனதுக்குள், எடுங்கண்ணே எடுங்கண்ணே என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வெளியே சொல்ல எனக்கு வாய் வராது.

அவர் அதே பணிவைப் போட்டுக்கொண்டார்.

"வேணாம் டீச்சர். உங்களுக்குப் பழகினது உங்ககிட்டயே இருக்கட்டும். எனக்கு இந்த மூலையும் இந்தச் சின்னதும் போதும்."

முதலாளியம்மா தலையை ஒருமுறை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த வாரம் கிளைக்கு டீச்சர் என்று முடிவாயிற்று. சீல் அண்ணன் மறுபடி பென்சிலைச் சீவினார். மதியம் அலமாரிக்குப் பின்னால் நின்று போனில், "இல்லம்மா. கிடைக்கல. வேற ஒருத்தருக்கு," என்றார். அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ. "லேப்டாப் மெதுவா இருந்துச்சு. அதான்," என்றார். ரொம்ப நேரம் காதில் வைத்துக்கொண்டே நின்றார். போன் எப்போதோ அணைந்திருந்தது.

டீச்சருக்குச் சீல் அண்ணன் வீட்டு முழு விவரம் கிளைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. கடையிலிருந்து திரும்பிய அண்ணி ஒருநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஷோரூம் படியில் உட்கார்ந்துவிட்டாராம். அன்றிலிருந்து மதியம் டீச்சர் கதவில் 'வந்துவிடுகிறேன்' அட்டையைத் தொங்கவிட்டு, இரண்டு தெரு நடந்து போய்ப் பெரியவரைத் தூக்கித் திருப்ப ஒரு கை கொடுக்கிறார். சீல் அண்ணன் முதலில் இதையும் விடவில்லை. "இவங்க எதுக்குத் தினம் வராங்க? கேட்டுவை," என்று போனில் அண்ணியிடம் சொன்னதை நான் கேட்டேன். அண்ணி என்ன பதில் சொன்னாரோ, அதற்குப் பிறகு அந்தக் கேள்வி வரவில்லை. அலுவலகத்துக்கு எப்போதாவது டீச்சர் வந்தால், சீல் அண்ணன் எழுந்து தன் நாற்காலியைப் புறங்கையால் தொட்டுப் பார்த்து, அதில் அவரை உட்காரச் சொல்லுவார். அவர் அகராதியில் அது பெரிய வார்த்தை.

லேப்டாப் இப்போது உறையில்லாமல் இரண்டு பாட்டில் மூடிகளின்மேல் இருக்கிறது. நகப்பூச்சு மட்டும் போகவில்லை. புதிதாக வைத்திருக்கிறார், இந்த முறை வெளிர் இளஞ்சிவப்பு. அண்ணியே வாங்கிக் கொடுத்ததாம். தன்னுடையதைத் தொடக் கூடாது என்ற நிபந்தனையோடு.

ரொம்ப நாள் கழித்து எனக்கும் ஒரு லேப்டாப் வாங்க முதலாளியம்மா என்னைக் கடைக்கு அழைத்துப்போனார். கடைக்காரர் இரண்டை எடுத்து முன்னால் வைத்தார். "உள்ள எல்லாம் ஒண்ணுதான் மேடம். பதினாலா, பதினாறா?"

"இவன் ஆபீஸ்லயே இருக்கிறவன். சின்னது போதும்," என்றார் முதலாளியம்மா. பிறகு பெரியதின் திரையைத் திறந்து, எதிரில் நிற்பவருக்குத் தெரியும்படி திருப்பிவைத்துப் பார்த்தார்.

"பெரிசு யாருக்கு மேடம் வேணும்?" என்றேன். சும்மா, ஏதாவது கேட்க வேண்டுமே என்றுதான்.

"ஷோரூம்ல இருக்கிறவங்களுக்குத்தான். எதிர்ல குடும்பமே உக்கார்ந்து படத்தைப் பார்ப்பாங்கள்ல, எல்லார் கண்ணுக்கும் தெரியணுமே. அன்னிக்கு அந்தப் பதினாறு இஞ்சை அதுக்குன்னுதான் வாங்கினேன். வீடு பக்கம், அப்பாவுக்கு வேற முடியலைன்னு கேள்விப்பட்டேன், அண்ணனையே அங்க அனுப்பிடலாம்னு இருந்தேன். அதை எடுத்துக்கிட்டார்னா அந்த நிமிஷமே சொல்லிடணும்னு நினைச்சேன். ரெண்டு தடவை பார்த்தேன்." திரையை மூடினார். "அவர்தான் மூலையே போதும்னுட்டாரே."